எச்சரிக்கை: கணினிக் கோப்பில் ஒரே ஒரு வரியில் இருந்த பிழைக்கு 6,850 ராண்டு பறித்துக்கொண்டார்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. வீட்டுக்கே வந்து கணினியும் வலையமைப்பும் பழுது பார்க்கும் கடை ஒன்றை நம்பி 6,850 ராண்டைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் இந்தச் சாட்ஸ்வொர்த் பக்கத்தில் இப்படிப்பட்ட கடைகள் பல இருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஸ்குவிட் என்னும் கேச் ப்ராக்ஸி ஓடும் சிறிய பெட்டி ஒன்று உண்டு. ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது உள்ளிருந்தே எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. சனிக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளின் பழைய லினக்ஸ் மடிக்கணினிகளுக்கு உதவும் என்று, கேப்டவுனுக்கு வேலைக்குப் போகுமுன் என் மகன் அமைத்துக் கொடுத்தது அது. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறிய பிறகு அதில் ஒரு கோளாறு தொடங்கியது. ஒரு தளத்தைத் திறந்தால் ஐந்தாறு நொடி எதுவுமே அசையாது. அதையே மறுபடி திறந்தால் உடனே வந்துவிடும். வேறு தளத்துக்குப் போனால் மீண்டும் அதே காத்திருப்பு.

கடையிலிருந்து வந்த இளைஞர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றார். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இன்று இங்கே இளையவர் ஒருவர் வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியம் வருவதே அரிது. தன் ஆயா கற்றுக்கொடுத்தது என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவர் எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "டிஸ்க் போய்விட்டது, மெமரியும் போதாது, புதுப் பெட்டி போட்டால் யூடியூப் காணொளிகூட உள்ளிருந்தே வரும்" என்றார். ப்ராக்ஸியை விலக்கிவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு கோரிக்கையையும் ஸ்குவிட் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறக்கவே இல்லை. மறுநாள் புதிய பெட்டியை வைத்து, பழைய அமைப்புகளை அப்படியே அதில் நகலெடுத்து, பழைய பெட்டியைத் தானே அப்புறப்படுத்துவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். 6,850 ராண்டு, முழுவதும் ரொக்கம்.

அன்று மாலையே அதே ஐந்தாறு நொடிக் காத்திருப்பு திரும்பியது. தொலைபேசியில் அழைத்தேன். "கேச் நிறைய ஒரு வாரம் ஆகும், ஆன்ட்டி" என்றார். ஒரு வாரம் பொறுத்து அழைத்தபோது ஃபைபர் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். மூன்றாம் முறை கடையில் ஒரு பெண் எடுத்து, அவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் இரண்டு நீலக் குறிகள் மட்டும் விழுந்தன, பதில் இல்லை.

நேற்று என் மகன் தொலைவிலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து பார்த்தான். ஸ்குவிட்டின் அணுகல் பதிவில் இரண்டாவது எண் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன மில்லிநொடி. மடிக்கணினிகளின் புதுப்பிப்பு வரிகளில் சில 40, 60 என்றிருக்க, சில 5,212, 5,640 என்று நின்றன. அதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டி.என்.எஸ். அதை எங்கே கேட்பது என்று குறித்திருக்கும் கோப்பின் முதல் வரியில், நாங்கள் விட்டுவிட்ட பழைய இணைப்பின் டி.என்.எஸ் முகவரி இன்னமும் இருந்தது. ஸ்குவிட் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் முதலில் அந்தச் செத்த முகவரியைக் கேட்டு, பதிலுக்கு 5 நொடி காத்திருந்து, பிறகுதான் இரண்டாவதைக் கேட்கிறது. கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்வதால் இரண்டாம் முறை விரைவாக வருகிறது. மகன் அந்த ஒரு வரியை நீக்கி, ஸ்குவிட்டை மறுபடி தொடங்கினான். மொத்தம் பத்து நிமிடம். பழைய பெட்டியில் குறை இருந்தது என்று நினைக்கவே காரணம் இல்லை என்றான். யூடியூப் பற்றிச் சொன்னது வெறும் பொய், எச்.டி.டி.பி.எஸ் வழியாக வருவதெல்லாம் மறையாக்கப்பட்டு ப்ராக்ஸியைக் கடந்து போவதால், எங்கள் வீட்டில் இருப்பது போன்ற அமைப்பு அதைச் சேமிக்கவே முடியாது.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ராக்ஸியை விலக்கிப் பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். இணைப்பை மாற்றினால் டி.என்.எஸ் முகவரிகளையும் பாருங்கள். ரொக்கம் வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருப்பித் தரச் சொல்கிறது.

20,000 ராண்டு வரையிலான வழக்குகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடரலாம். திங்கட்கிழமை காலை ரசீதோடும் அந்தப் பதிவுக் கோப்பின் அச்சோடும் அங்கே போகிறேன். என் 6,850 ராண்டும் வரவேண்டும், மகன் தன் கையால் அமைத்த அந்தப் பழைய பெட்டியும் வரவேண்டும்.