வீட்டுக்கே வந்து பாக்குற நோய் ஆதரவு சிகிச்சை: எங்க அப்பத்தாவுக்கு எப்படி இருந்துச்சு

மக்களைத் தேடி மருத்துவம்னா பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுல கொண்டாந்து குடுக்குறதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச இந்தத் திட்டத்துக்குள்ள இன்னொண்ணும் இருக்கு, வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சைன்னு பேரு. இனிமே குணமாகாது, எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்கு வர முடியாதுங்குறவங்கள நர்ஸ் வீட்டுக்கே வந்து பாக்குறாங்க. எங்க அப்பத்தாவோட கடைசி மாசங்கள்ல இதைத்தான் நம்பி இருந்தோம், அதான் எழுதுறேன்.

அப்பத்தாவுக்கு 80 தாண்டிருச்சு. காலமெல்லாம் வெத்தலை போயிலை போட்ட வாய், கன்னத்துல புத்துநோய், கண்டுபிடிக்கும்போதே கழுத்து நெறி வரைக்கும் பரவிருச்சு. தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல இனி பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க, அப்பத்தாவும் வீட்டுக்குப் போகணும்னுதான் கேட்டுச்சு. ஆனா வலிக்குன்னு எழுதிக் குடுத்தது வெறும் பாராசிட்டமால். ராத்திரி பூரா முனங்கிட்டே கெடக்கும், பக்கத்துல உக்காந்து பாக்க முடியாது.

எங்க கிராம சுகாதார நர்ஸ்கிட்ட சொன்னப்பறம் நோய் ஆதரவு சிகிச்சை சிஸ்டர் வந்தாங்க. வந்த உடனே பிரஷர் பாக்க ஆரம்பிக்கல, கட்டில் ஓரமா உக்காந்து "ஆத்தா, வலி ஒரு ரூவான்னா இப்ப எத்தனை அணா இருக்கு?"ன்னு கேட்டாங்க. ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள நம்பர் சொல்லுன்னா அப்பத்தாவுக்கு வெளங்கிருக்காது. ஒரு ரூவாய்க்குப் பதினாறு அணாங்குறது அந்தக் காலத்துக் கணக்கு, "பதினாலணா தாயி"ன்னு பட்டுனு சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை வரும்போதும் அணாக்கணக்குதான்.

புண்ணுல இருந்து வந்த வாடைதான் வலியை விடப் பெரிய கொடுமை. பாக்க வர்றவங்க வாசல்லயே நின்னுட்டுப் போயிருவாங்க, அது தெரிஞ்சு அப்பத்தா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கும். சிஸ்டர் கொதிக்க வச்சு ஆற வச்ச உப்புத் தண்ணில புண்ணைக் கழுவி, கிருமியக் கொல்ற மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடி பண்ணி மேல தூவி, காஸ் துணி வச்சு மூடினாங்க, எங்க அத்தைக்கும் செஞ்சு காட்டிக் குடுத்தாங்க. ரொம்ப விலை கம்மியான மாத்திரை அது. கொஞ்ச நாள்ல வாடை நல்லாவே கொறஞ்சு பேரப்புள்ளைங்க மறுபடி கட்டில்ல ஏறி உக்காந்துச்சுங்க. இந்த ஒண்ணுக்காகவே நான் இந்த சேவையை எல்லாருக்கும் சொல்லுவேன்.

கடுமையான வலிக்குக் குடுக்குற மார்ஃபின் மாத்திரைய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில வாங்குனோம். சாதாரண மெடிக்கல்ல கேட்டா கிடைக்காது, 1985ல வந்த போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கெடுபிடி, 2014ல திருத்தம் பண்ணி கொஞ்சம் லேசாக்குனாங்க, அங்கீகாரம் இருக்கிற ஆஸ்பத்திரில டாக்டர் எழுதுனா கிடைக்கும். போதை மாத்திரை குடுத்தா சீக்கிரமே கொண்டுபோயிரும்னு சொந்தக்காரங்க பயந்தாங்க. டாக்டர் சொன்ன அளவுல, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாம குடுத்தா அப்படியெல்லாம் ஆகாது, வலி வந்தப்பறம் குடுக்கலாம்னு காத்திருக்காதீங்கன்னு சிஸ்டர் பொறுமையா வெளக்குனாங்க. மலச்சிக்கல் கண்டிப்பா வரும்னு அதுக்கும் சேத்தே மாத்திரை வந்துச்சு. வலி மூணணாவுக்கு எறங்குச்சு.

இடையில ஒரு ஏஜென்சில ராத்திரிக்கு ஆள் போட்டோம். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூவாய்க்கு மேல வாங்கிட்டு, வந்த பொண்ணுக்குப் பொரட்டிப் படுக்க வைக்கக்கூடத் தெரியல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பக்கம் மாத்தணும்னே தெரியாது. காசு வாங்காம வந்த சிஸ்டர்தான் படுக்கைப் புண் வராம இருக்க ஆல்ஃபா பெட்ங்குற காத்து மெத்தையை வாடகைக்கு எடுங்க, அது மேல தடியான மெத்தை போட்டுறாதீங்க, வால் எலும்புகிட்ட செவந்திருக்கான்னு தினம் பாருங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க.

கடைசில சாப்பாடு நின்னு போச்சு. எங்க சித்தப்பா டிரிப்ஸ் ஏத்தியே ஆகணும்னு பிடிவாதம், பட்டினி போட்டுக் கொல்றோமான்னு அழுதுட்டாரு. உடம்பு அடங்குற நேரத்துல பசி எடுக்காது, ஏத்துற தண்ணி கை கால் வீக்கமாவும் தொண்டைல சளியாவும்தான் தங்கும், உதட்டை மட்டும் ஈரத் துணியால தொடச்சு விடுங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. சித்தப்பாவே அந்த வேலையை எடுத்துக்கிட்டாரு. மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டைல இழுக்குற சத்தம் கேக்கும், பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால அந்த ராத்திரி யாரும் பதறல, எல்லாரும் பால் ஊத்துனோம், அப்பத்தா அதோட கட்டில்லயே போச்சு.

இது பகல்ல வர்ற சேவை, ராத்திரிக்கு வீட்டு ஆளுங்கதான் தயாரா இருக்கணும். கோழிக்கோட்டுல 1993லயே இந்த மாதிரி வேலையை ஆரம்பிச்சாங்க, 2008ல கேரளா அரசு இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்துச்சு, அங்க அக்கம்பக்கத்து ஜனங்களே தன்னார்வலரா வந்து உக்காந்து பேசிட்டுப் போவாங்க. அந்தப் பழக்கம் நம்ம ஊர்லயும் வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

தேவைப்படுறவங்க துணை சுகாதார நிலையத்துலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேளுங்க, கட்டணம் கிடையாது. கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்காம டாக்டர் குணமாகாதுன்னு சொன்ன அன்னைக்கே சொல்லிருங்க. ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க, வீட்ல இறந்தா என்ன நோய்னு டாக்டர் எழுதிக் குடுக்க அதுதான் உதவும், இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிரணும். மிச்சம் இருந்த மார்ஃபின் மாத்திரையை நாங்க வாங்குன இடத்துலயே திருப்பிக் குடுத்துட்டோம், நீங்களும் வீட்ல வச்சுக்காதீங்க.