வெள்ளவத்தையில் வாங்கிய சமச்சீர்ப் பெட்டி: கண்ணாடி நன்று, அட்டைகளை நம்ப முடியாது

தரம் 7 இல் படிக்கும் மகளுக்கு இருபுடைச் சமச்சீர் (ஓர் உருவை ஒரு கோட்டின் வழியே மடித்தால் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது; அக்கோடே சமச்சீர் அச்சு) பாடம் தொடங்கிய வாரத்தில், வெள்ளவத்தையில் காலி வீதியோரப் புத்தகக் கடையொன்றில் 2,400 ரூபாய் கொடுத்து இந்தக் கற்றல் பெட்டியை வாங்கினேன். பிணைச்சலால் இணைத்த இரண்டு சிறிய கண்ணாடிகள், மரத்தாலான வடிவத் துண்டுகள், 30 பட அட்டைகள், மும்மொழிக் கையேடு ஆகியன உள்ளே இருக்கின்றன. மரத் துண்டுகள் வழுவழுப்பாக உள்ளன; அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கொடுத்த காசுக்கு ஈடு செய்வது அந்தக் கண்ணாடிச் சோடிதான். அவற்றை 90 பாகைக்கு விரித்து நடுவே ஒரு கடலையை வைத்தால், கடலையும் அதன் விம்பங்களுமாக நான்கு தெரிகின்றன. 60 பாகைக்கு ஒடுக்கினால் ஆறு, 45 பாகையில் எட்டு. மகள் கோணமானியை அடியில் வைத்து அளந்து பார்த்து, 360 ஐக் கோணத்தால் வகுத்தால் அந்த எண்ணிக்கை வருகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். இத்தனைக்கும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்ணாடி என்று சொன்னாலும் அது பிளாஸ்டிக் தகடுதான் என்பதால், விளிம்பைச் சற்று அழுத்திப் பிடித்தாலே விம்பம் வளைந்துவிடுகிறது. மேசையில் நிறுத்திவைத்துப் பார்ப்பதே நல்லது.

எனது பெரிய குறை அட்டைகளைப் பற்றியது. இணைகரத்தின் மூலைவிட்டத்தைச் சிவப்புக் கோடாக வரைந்து, "சமச்சீர் அச்சு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூலைவிட்டம் இணைகரத்தை ஒருங்கிசையும், அதாவது வடிவிலும் அளவிலும் ஒத்த, இரண்டு முக்கோணிகளாகப் பிரிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அக்கோட்டின் வழியே மடித்தால் ஒன்றின் மேல் மற்றொன்று பொருந்தாது. சாதாரண A4 தாளை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தாலே, செவ்வகத்துக்கும் அது பொருந்தாது என்பது விளங்கும். சாய்சதுரமாகவோ சதுரமாகவோ இருந்தால்தான் இணைகரத்தின் மூலைவிட்டம் அச்சாகும். மாணவர்கள் பரீட்சையில் வழக்கமாகத் தவறவிடும் இடத்தையே பிழையாகக் கற்பிக்கும் அட்டையை எப்படி மன்னிப்பது?

எழுத்து அட்டைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ளன. மும்மொழிப் பெட்டி என்று மூடியில் போட்டுவிட்டு, நிலைக்குத்து அச்சுக்கு "ப" வைக்கூடச் சேர்க்காமல் விட்டது ஏனென்று தெரியவில்லை. மூன்று புள்ளிகளையும் சம தூரத்தில் இட்டு எழுதிய ஆய்த எழுத்துக்கு மூன்று அச்சுகள் இருப்பதைக் கண்ணாடியை வைத்துக் காட்டியபோது மகளுக்கு உண்டான மகிழ்ச்சியைப் பெட்டியின் எந்த அட்டையும் தரவில்லை.

இயற்கை பற்றிய பகுதியும் அவசரமாக எழுதப்பட்டதுதான். பூவுக்கு எத்தனை இதழ்களோ அத்தனை அச்சுகள் என்கிறது கையேடு. பூசைக்கு வாங்கிய ஒற்றை நந்தியாவட்டை ஒன்றை எடுத்து அதன் நடுவே கண்ணாடியை நிறுத்தினோம். காற்றாடி போல ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும் அந்தப் பூவின் பாதி, விம்பத்தில் எதிர்ப்பக்கமாகச் சரிந்து, வேறொரு பூவாகத் தெரிந்தது. அதற்கு அச்சு ஒன்றுகூட இல்லை. 72 பாகை சுழற்றினால் மட்டும் பழைய தோற்றத்துக்கே வருகிறது. சுழற்சிச் சமச்சீர் என்ற சொல்லையே கையேடு சொல்வதில்லை. "இலை" என்ற அட்டையிலும் நடுநரம்பே அச்சு என்று போட்டிருக்கிறது. வேப்பிலையின் சிற்றிலை ஒன்றில் நடுநரம்பின் மேல் கண்ணாடியை வைத்தால், ஒரு பக்கம் பார்க்கும்போது அகன்ற இலையும் மறுபக்கம் பார்க்கும்போது ஒடுங்கிய இலையும் கிடைக்கும். அதன் அடிப்பகுதியே இரு பக்கமும் சமமில்லாமல் அமைந்தது.

கட்டடங்களுக்கு ஒரே அட்டைதான், தாஜ் மஹால். அதற்குப் பதிலாக, 1877 இல் திறக்கப்பட்ட நமது கொழும்பு தேசிய நூதனசாலையின் முகப்பை நேரெதிரே நின்று படமெடுத்து அச்சிட்டுக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். நடுவாயிலின் இருபுறமும் வெண்ணிறச் சுவர்கள் நன்றாகவே பொருந்தின, மரங்கள்தான் பொருந்தவில்லை.

இணைகர அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, "எல்லாப் பெட்டியிலயும் அப்பிடித்தான் வருது, அக்கா" என்றார் கடைத் தம்பி. ஆகவே வாங்குகிறவர்கள் கண்ணாடிக்காக வாங்கலாம். அந்த அட்டையையும் இலை அட்டையையும் பிள்ளையின் கைக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள்.