கோத்தகிரியில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர்: வாங்கலாமா?

எங்கள் தெருவுக்கு வந்த ஃபைபர் இணைப்பை மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் விற்க வருகிறவர்கள் சொல்லாத ஒன்று: அந்த 100 என்பது மெகாபிட், மெகாபைட் இல்லை. ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி படம் இறங்க ஒன்றரை நிமிடம் ஆனால் அது கோளாறே இல்லை.

சாயங்காலம் எல்லா வீட்டிலும் டிவி ஓட ஆரம்பித்ததும் வேகம் படுத்துவிடுகிறது, ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். புகார் சொன்னால் உடனே 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. மாறுவதற்கு முன் லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகி வேகத்தைப் பாருங்கள். எங்கள் வீடு பழைய கருங்கல் கட்டடம், கேபிளில் 94 வந்தது, சமையலறை வைஃபையில் 11! வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கனமான சுவரை எளிதில் தாண்டாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைவு என்றாலும் ஓரளவு தாண்டும். ரூட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. மழையில் லைன் அறுந்தபோது மறுநாளே ஆள் வந்து ஒட்டிக்கொடுத்தார், அதற்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.