78 பட்டன் இருந்தால் மட்டும் போதாது: அரக்குத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு

தாத்தா காலத்து 78 தட்டுகளை (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு இசைத்தட்டுகள்) வீட்டில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்பதற்காகப் புதுசாக ரெக்கார்டு பிளேயர் வாங்கலாம் என்று இருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆறு தட்டுகள் போய்விட்டன. அதில் இரண்டு கே.பி.சுந்தராம்பாள்.

என் அம்மா ஊர் கொடுமுடிப் பக்கம். சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தது அந்தக் கொடுமுடியில்தான். அதனாலேயே அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அவர் பாட்டு என்றால் உயிர். "நம்மூரு அம்மிணி" என்பார். சாவி கொடுத்து ஓட்டும் பெட்டி எப்போதோ போய்விட்டது. தட்டுகள் மட்டும் பழைய வேட்டியில் சுற்றி, இரும்புப் பெட்டிக்குள் அட்டாலியில் கிடந்தன. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கி எண்ணினேன், 31 இருந்தன. ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

கோவையில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற பிளேயர், விலை 11,000 ரூபாய். "பழைய கிராமபோன் தட்டு ஓடுங்களா?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். "33, 45, 78 மூணு ஸ்பீடும் இருக்குதுங்க சார், எதைப் போட்டாலும் பாடும்" என்றார் கடைக்காரர். ஊசியைப் பற்றி அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

பாடத்தான் செய்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பாட்டை விட இரைச்சல் அதிகம், எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. பழைய தட்டு என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து அப்பாவின் இளையராஜா எல்பி (33 வேகத்தில் ஓடும் வினைல் தட்டு) ஒன்றைப் போட்டபோது, நல்ல தட்டு, அதிலும் குரல் கரகரத்தது. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த எல்பியை அப்படியே கெடுத்தது நான்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

திரும்பக் கடைக்குப் போனேன். "ஊசி தேஞ்சிருச்சுங்க" என்று, அதே சிவப்பு ஊசி இன்னொன்றை 600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். "தட்டெல்லாம் ஒரே அழுக்கு சார், அதான் இரைச்சல். நாங்களே கிளீன் பண்ணித் தர்றோம், தட்டுக்கு 150" என்றார்கள். முதலில் ஆறு தட்டுகளைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கொடுத்தேன். மிச்சம் 25 தப்பியது அதனால்தான்.

நான்கு நாள் கழித்து வாங்கி வந்தேன். உறையில் இருந்து எடுத்ததுமே மருத்துவமனை வாசம். கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற கறுப்புத் தட்டுகள் அவை. இப்போது சாம்பல் பூத்த கரி மாதிரி இருந்தன, பளபளப்பே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வட்டம் வட்டமாகப் போக வேண்டிய வரிகளுக்குக் குறுக்கே துணியால் இழுத்த கோடுகள். ஓரத்தைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. ஊசியை வைத்தேன். பாட்டு எங்கேயோ அடியில் முனகியது, மேலே முழுக்க இரைச்சல். "எதில் துடைச்சீங்க?" என்று ஃபோனில் கேட்டேன். "ஸ்பிரிட்லதாங்க, எல்பி எல்லாம் அதுலதான் துடைக்கிறோம்" என்றார்கள். பணமும் திரும்பி வரவில்லை. "பழசு சார், அது முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்" என்ற பேச்சுதான் வந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஆசாரி கதவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் காட்டினேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிட்டில் அரக்கு ஊறிக்கொண்டிருந்த அவருடைய டப்பாவைக் காட்டினார். "இதும் அரக்குத்தானுங்களே தம்பி? ஸ்பிரிட் பட்டாக் கரையாம என்ன பண்ணும்?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மரத்துக்குப் பாலிஷ் காய்ச்சுகிற அதே வேலையைத்தான் அவர்கள் அப்புச்சியின் தட்டில் செய்திருக்கிறார்கள். எல்பி வினைல் பிளாஸ்டிக். 78 தட்டோ பெரும்பாலும் அரக்கும் கல் பொடியும் சேர்த்து அழுத்தியது. பார்க்க இரண்டும் கறுப்பாக, வட்டமாக இருக்கும், அவ்வளவுதான். விற்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாமா?

ஊசி விஷயத்தை ஈரோட்டில் ஒரு நண்பரின் செல்போன் சர்வீஸ் கடையில், போர்டு பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். புது ஊசியின் முனை உருண்டு, வழவழப்பாக இருந்தது. மூன்று வாரம் ஓடிய பழைய ஊசி அடியில் தட்டையாகி, ஓரம் உளி மாதிரி நின்றது. அந்த உளியைத்தான் எல்பியில் ஓட்டியிருக்கிறேன்.

ஏன் தேய்ந்தது என்றால், அந்தப் பிளேயரில் இருந்தது எல்பி ஊசி. அதன் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 76, அதாவது 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்). நாலு மடங்கு. 78 தட்டின் வரியை நம் ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஊசி இரண்டு கரைச் சரிவிலும் தொட்டபடி போகும், பாட்டு பதிந்திருப்பது அங்கேதான். எல்பி ஊசி அடியில் விழுந்து, சேற்றிலும் கல்லிலும் உரசிக்கொண்டு போகும். நாங்கள் கேட்ட இரைச்சலில் பாதி அந்தச் சேறுதான். தட்டில் இருக்கும் கல் பொடி அந்தக் காலத்து இரும்பு ஊசியைத் தேய்த்து வரிக்குப் பொருத்திவிடும். ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றிவிடுவார்கள். (பழைய சாவிப் பெட்டி இன்னும் ஓடுகிற வீடுகளில் இதை விட்டுவிடாதீர்கள். அதே இரும்பு ஊசியை எல்பியில் வைக்கவே வைக்காதீர்கள்.)

இப்போது நான் வைத்திருப்பது 78 வேகம் உள்ள வேறொரு பிளேயர், செகண்ட் ஹேண்ட். கார்ட்ரிட்ஜில் (ஊசி மாட்டியிருக்கும் தலைப் பகுதி) ஊசியை மட்டும் கழற்றி மாட்டலாம். எல்பிக்கு ஒன்று, 78-க்கு ஒன்று. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் எஸ்பி என்று முடிகிற ஊசி 78-க்கானது. கை எடையை (ஊசி தட்டை அழுத்தும் எடை) அந்த ஊசியின் அட்டையில் போட்டிருக்கிறபடி வைக்க வேண்டும். எடையை மாற்றவே வழியில்லாத பிளேயரை வாங்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரச் செய்வது) இருந்தால் அழுத்திவிடுங்கள், இரைச்சல் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். ஒரு மக் தண்ணீருக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். மெத்தென்ற பிரஷ்ஷால் வரி போகிற வட்டத்திலேயே தேய்த்து, சுத்தமான தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் நிறுத்தி வையுங்கள். நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படக் கூடாது. வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும், நம்மூர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். எது அரக்கு, எது வினைல் என்று சந்தேகம் வந்தால், ஸ்பிரிட் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. 1960களிலும் இங்கே 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன, அதனால் பாட்டின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேபிளில் வேகம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கையில் தூக்கிப் பாருங்கள். அரக்குத் தட்டு கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி "78 ஓடுமா?" அல்ல. "78-க்குத் தனி ஊசி இருக்கா, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தட்டுகளைச் சுத்தம் செய்ய ஏற்கெனவே எங்கேயாவது கொடுத்திருந்தால், இப்போதே ஃபோன் போட்டு, எதில் துடைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஸ்பிரிட் என்றால் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.