‘ஏற்றுமதி லைசென்ஸ் நாங்க பாத்துக்கறோம்’ என்பவர்களிடம் உஷார்!

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஏற்றுமதிக் காகித வேலையை மொத்தமாக முடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்துக்கு 1,40,000 ரூபாய் அழுதிருக்கிறேன்.

கோவையில் வால்வு செய்கிறோம். உள்ளே டெஃப்லான் லைனிங் போட்ட இரண்டு அங்குல வால்வுக்குத் துபாய் டிரேடர் ஒருவரின் ஆர்டர். அது ஸ்கோமெட் பட்டியலில் (ஆயுதத்துக்கும் பயன்படக்கூடியது என்பதால் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கேட்கும் பொருட்களின் அரசுப் பட்டியல்) வருமா என்று பார்த்துச் சொல்லத்தான் இவர்களுக்குப் பணம். வீடியோ காலில் அந்த ஆள் பட்டியலைத் திறந்து விறுவிறுவென்று ஓட்டிக் காட்டினார். “இதெல்லாம் ராக்கெட், அணு உலை சமாச்சாரம்ங்ணா. உங்களுது சாதா கெமிக்கல் வால்வு. நிம்மதியாத் தூங்குங்க.” ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று லெட்டர்ஹெட்டில் சீல் வைத்த கடிதமும் வந்தது. அந்தச் சீலை நம்பித்தான் 1,40,000.

சரக்கு இப்போது தூத்துக்குடியில் நிற்கிறது. கஸ்டம்ஸ் அதிகாரி அதே பட்டியலில் வால்வு பற்றிய வரியிலேயே விரலை வைத்துக் காட்டினார்: ரசாயனம் படும் பரப்பு ஃப்ளூரோபாலிமர் (டெஃப்லான் இந்த வகைதான்), அளவு 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றாலே கட்டுப்பாடு. மருந்து ஆலைக்குப் போகும் அதே வால்வில் நச்சு வாயுவுக்கான ரசாயனத்தையும் ஓட்டலாம். 1980களில் ஈராக் வெளிநாட்டிலிருந்து சாதாரண ஆலைச் சாமானும் ரசாயனமும் வாங்கித்தான் மஸ்டர்ட் வாயு செய்தது. அதைப் பார்த்துத்தான் 1985இல், இப்படிப்பட்ட ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் ஆஸ்திரேலியா குழு உருவானது. 2018இல் இந்தியாவும் சேர்ந்தது. மனித உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. வால்வை யார் ஆலையில் மாட்டப்போகிறார்கள் என்று டிரேடரிடம் இவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் பேக்கேஜில் எழுதியிருந்த வேலைதான்!

போன் செய்தால் “சார் மீட்டிங்ல இருக்காரு”. அப்புறம் “மெயில் போடுங்க”. பணத்தைக் கேட்டால், கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘இது கருத்து மட்டுமே’ என்று இருக்கிறதாம். ஒரு கருத்துக்கா 1,40,000 ரூபாய்? நோட்டீஸ் வந்தால் என் பெயருக்குத்தான் வரும். சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியாது. பட்டியல் டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் இலவசமாகவே இருக்கிறது; விண்ணப்பமும் அங்கேயே போடலாம். பொருளின் பெயரை மட்டும் தேடாதீர்கள். என்ன உலோகம், என்ன லைனிங், என்ன அளவு என்று பாருங்கள். டிரேடர் கடைசியில் யாருக்கு விற்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் ஆர்டரே வேண்டாம். இதே மாதிரி சீல் வைத்த கடிதம் உங்கள் கையில் இருந்தால், கன்டெய்னர் கிளம்புவதற்கு முன் நிறுத்துங்கள்.