ஏற்காட்டுக்குக் கிரில் சிக்கனா, ஐஸ்பெட்டியில் நக்கெட்ஸா?

ஏற்காட்டுக்குச் சாப்பிட என்ன கொண்டுபோவது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. சேலம் அஸ்தம்பட்டியில் கிரில் சிக்கன் பார்சல் வாங்கிப் போகலாம் என்பது ஒன்று. உறைந்த நக்கெட்ஸை ஐஸ்பெட்டியில் எடுத்துப்போய் மேலே பொரித்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. நான் இப்போது முழுக்க நக்கெட்ஸ் கட்சி.

ருசியில் கிரில்தான் ஜெயிக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னை மாற்றியது, கறி வெந்ததற்கும் நாங்கள் சாப்பிட்டதற்கும் இடையில் போன நேரம்.

போன மே மாதம் பன்னிரண்டு மணிக்குப் பார்சல் வாங்கினோம். மலைப்பாதையில் நெரிசல், 20 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் படகு சவாரி. பிரிக்கும்போது மணி நாலு. அலுமினியத் தாளுக்குள் ஆவி வேர்த்து, தோல் நசநசவென்று இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு, கெட்ட வாடை துளியும் இல்லை. ஏழு மணிக்குச் சின்னவன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான்.

அந்த வெதுவெதுப்புதான் ஆபத்து. 5 முதல் 60 டிகிரிக்குள் பாக்டீரியா வேகமாகப் பெருகும். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், நாலு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்தைத் தாண்டிவிடும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சேலத்து மே மாதத்தில் எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“சூடு பண்ணிக் கொடுத்திருக்கலாமே” என்றார் மாமியார். கறியை வெட்டும் கையிலிருந்து ஒட்டுகிற ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சு, சூடு பண்ணினாலும் போகாது. சின்னவனுக்கு வந்தது அதுதானா என்று பரிசோதிக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் வந்த வாந்தி அதோடு ஒத்துப்போகிறது. பார்சலோடு மயோனைஸ் வேறு வரும். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குச் சால்மோனெல்லா என்ற கிருமி பற்றிய பயமும் ஒரு காரணம்.

நக்கெட்ஸிலும் கவனம் வேண்டும். உறைய வைத்தால் கிருமி பெருகாது, ஆனால் செத்தும் போகாது. மேலே பொன்னிறமாக இருந்தாலும் சில வகைகளில் உள்ளே பச்சைக் கறிதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்கப் பொரிக்கிறேன். உள்ளே 74 டிகிரி வர வேண்டும். ஐஸ்பெட்டியைத் திறக்கும்போது கல் மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

அப்படியே சாப்பிடும் சாஸேஜ், சலாமி ஒரே ஒரு தடவைதான் கொண்டுபோனேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தான லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜுக்குள்ளும் வளரும். அன்றைக்கு மாசமாக இருந்த நாத்தனாருக்கு மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுத்தேன்.

பெரியவனுக்கு இன்னும் கிரில்தான் வேண்டும். அடுத்த மாதம் கிளம்பும்போது, அடுப்பிலிருந்து இறக்கியதும் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.