தோட்டத்தைத் திறந்துவிட்டேன், 63,400 போச்சு

முந்தாநாள் இரவு அந்தத் தளத்திலிருந்து வந்த கடைசி மெயிலைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 63,400. வீட்டுத் தோட்டத்தை ஆட்களுக்குச் சுற்றிக் காட்டலாம், வகுப்பு எடுக்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். கடைசியில் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைத் தருகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவு நிற்காது என்கிறார்கள். "அனுபவங்கள்" விற்கும் முன்பதிவுத் தளம் அது. மண்பாண்ட வகுப்பு, ஓவிய வகுப்பு, தோட்டச் சுற்று என்று எல்லாவற்றுக்கும் டிக்கெட் போடுவார்கள். வருகிறவர் பணத்தை அவர்களிடம் கட்டுவார். கமிஷன் போக மீதியை அவர்கள் நமக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

நான் எந்த இடத்தில் விழுந்தேன் என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடியும். படம் எடுக்க ஒரு தம்பியை அனுப்பியிருந்தார்கள். கற்பூரவல்லிப் பாத்தி அருகே நின்றவர் இலையைக் கிள்ளவில்லை. குனிந்து, இரண்டு விரலால் லேசாகத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சட்டென்று கிள்ளிவிடுவார்கள். கிள்ளாத ஓர் ஆளைப் பார்த்ததும் மனசு இளகிப்போனது. வாயும் திறந்துகொண்டது. 1927இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 609 தோட்டக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி சேர்த்த கதையை அவரிடம் சொன்னேன். எனக்கு ஆசை வந்ததே அதைப் படித்துத்தான். கண் விரியக் கேட்டுவிட்டு, "நாங்களும் அதே மாதிரிதான் மேடம்" என்றார். அதே மாதிரியாம்! அங்கே அந்த ஷில்லிங் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கே 18,000 கட்டினேன். படம், பக்கம் தயாரிப்பு, பட்டியலில் மேலே காட்டுவது எல்லாம் சேர்த்து. கார்டில் கட்டுகிறேன் என்றதற்கு, "கார்டுன்னா சார்ஜ் கூட ஆகும் மேடம், நேரா அக்கவுண்ட்ல போட்டுடுங்க" என்றார். போட்டேன்.

இரண்டே நிபந்தனைகள் வைத்தேன், எழுதியும் கொடுத்தேன். ஒரு தடவைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. சுற்று காலை 8 மணிக்கு. பாதை இரண்டடி அகலம்தான், கூட்டம் அதிகமானால் பாத்திக்குள் இறங்கித்தான் நடப்பார்கள். தாமரையோ காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்ப ஆரம்பித்துவிடும். ஒரு பூவின் ஆயுளே மூன்று நான்கு நாள்.

முதல் இரண்டு சுற்றுகள் நன்றாகத்தான் போயின. மூன்றாவது சுற்றை மாலை 4 மணிக்கு மாற்றி, 31 பேருக்கு டிக்கெட் விற்றுவிட்டார்கள். எனக்குச் சொல்லவே இல்லை. வாசலில் ஆள் நின்ற பிறகுதான் தெரியும். குழந்தைகளோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. முதல் நாள் மழை பெய்த ஈர மண், அதில் அத்தனை கால்கள். மிதிபட்டு இறுகின மண்ணில் நீரும் இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. இஞ்சிப் பாத்தியில் தண்ணீர் இன்னும் மேலேயே நிற்கிறது. கூம்பிக் கிடந்த தாமரையைப் பார்த்து ஓர் அம்மா, "படத்துல இருக்கற பூவெல்லாம் எங்கே?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

மொத்தம் ஐந்து சுற்றுகள், மூன்று வகுப்புகள். என் பங்கு 45,400. கட்டின 18,000த்தையும் சேர்த்துத்தான் 63,400.

பணம் எங்கே என்று கேட்டால், முதலில் "மூன்று வேலை நாட்கள்". நான்காவது நாள், வங்கி விவரத்தில் என் பெயரின் முதலெழுத்து பொருந்தவில்லை. திருத்தினேன். மறுபடி மூன்று வேலை நாட்கள். அப்புறம் சாட்டில் ஒரு இயந்திரம் வந்து, "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்றது. போனில் கிடைத்தவர் அது வேறு பிரிவு என்றார். அந்த வேறு பிரிவு என்னை மறுபடி சாட்டுக்கே அனுப்பியது. இலையைத் தடவின தம்பியைக் கூப்பிட்டேன். "நான் போட்டோ மட்டும்தான் மேடம், பேமெண்ட் பத்தித் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

முந்தாநாள் மெயில் இது: "படத்தில் உள்ளபடி பூக்கள் இல்லை என்று பார்வையாளர் புகார் அளித்துள்ளதால், தங்கள் கணக்கின் தொகை முழுவதும் நிறுத்திவைக்கப்படுகிறது." நேரத்தை மாற்றினது அவர்கள். பூ கூம்பினதற்குத் தண்டனை எனக்கு. ஒரு சுற்றுக்கு வந்த புகாருக்கு மற்ற நான்கு சுற்றுகளின் பணமும், வகுப்புகளின் பணமும் ஏன் என்று கேட்டேன். பதில்: "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது."

63,400. சும்மா உட்கார்ந்து சம்பாதித்த காசு இல்லை.

இன்னொன்று. அந்த மாலைச் சுற்றில் பாசி பிடித்த கல்லில் ஒருவர் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, சிராய்ப்போடு போனது. "இன்சூரன்ஸ் எங்க பொறுப்பு" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தால், அந்தக் காப்பீடு அவர்களுக்கு மட்டும். இடத்துக்காரருக்கு இல்லை. கையெழுத்துப் போடும்முன் நான் படித்தேனா? படிக்கவில்லை. அந்தக் கோபம் என் மேலேயே.

சரி, பத்துக் குறிப்புகள் தருவதாகச் சொன்னேன். இப்போது இருக்கும் மனநிலையில் வருவதைச் சொல்கிறேன். பட்டியலில் போட முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கார்டில் மட்டும் கொடுங்கள். அதிலாவது வங்கி மூலம் தகராறு எழுப்ப ஒரு வழி உண்டு, நேராக அனுப்பிய பணத்துக்கு அது கிடைப்பது கஷ்டம். முதல் சுற்றின் பணம் கைக்கு வராமல் இரண்டாவது சுற்றுக்குக் கதவைத் திறக்காதீர்கள். நேரத்தையும் ஆள் கணக்கையும் மாற்றும் உரிமை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். காப்பீடு யார் பெயரில் என்றும். மீதி அப்புறம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. விண்பதிய வகுப்புக்கு வந்த 22 பேர், ஆளுக்கொரு கிளையில் பட்டையை ஓரங்குலம் வளையமாக எடுத்து, வழுவழுப்பைச் சுரண்டி, ஈரப் பாசி வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். வேர் விட்டதும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர்ச் சீட்டு தொங்குகிறது. நேற்றுப் பார்த்தேன், ஏழெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை வேர் தெரிகிறது. அந்த 22 பேரின் போன் எண்ணும் தளத்திடம்தான் இருக்கிறது, எனக்குத் தரமாட்டார்களாம். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு வந்து உங்கள் கிளையை எடுத்துப் போங்கள். காசு வேண்டாம். தளத்தில் பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள்.